கணவர் கையொப்பம்

ஏற்காடு
24.11.2024

அன்புள்ள புவனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம்தான். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் இருவரும் சண்டைக்கு வந்துவிடுகிறோம், அதனால்தான் கடிதம். பத்து நாளாக மழை. என் நூலகத்தில் வரலாற்று அலமாரிப் பக்கம் மறுபடி ஒழுகுகிறது. அப்பாவுக்கு முட்டிவலி, குளிரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

நூலகத்தைப் பெருக்க வரும் ராசாத்தியை உனக்குத் தெரியும், கிளியூரிலிருந்து நடந்து வருபவள். இரண்டு குழந்தைகள், இரண்டுமே ஆபரேஷனில் பிறந்தவை. இப்போது மூன்றாவதாகக் கர்ப்பம் தங்கிவிட்டது. வேண்டாம் என்று முடிவெடுத்து என்னிடம் சொன்னபோது பத்து வாரம். புருஷன் சித்தன் போர்வெல் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறான். இருக்கட்டும், பெத்துக்கோ என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டானாம். "அவருக்கென்னங்க, குழி தோண்டறவரு. தோண்டிப்போட்டு அடுத்த ஊருக்குப் போயிருவாரு" என்றாள்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு முதல் பஸ்ஸில் கூட்டிப்போனேன். நர்ஸ் நீட்டிய தாளில் அவள் கையெழுத்துக்கான கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு: கணவர் கையொப்பம். அவர் வந்தால்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் கொண்டை ஊசி வளைவுகளில் ராசாத்தி ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆடியில் நீ வந்திருந்தபோது அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருந்தாய். வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்று சட்டமே சொல்கிறது, ஆஸ்பத்திரிகள்தான் கேட்கவில்லை, உங்கள் பெங்களூர்ப் பெண்கள் சங்கம் மனு கொடுக்கப்போகிறது என்றாய். கையெழுத்துக் கேட்காதே என்று சொல்வதற்கு ஆயிரம் கையெழுத்து வாங்குகிறீர்களா என்று கேட்டேன். அப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை. நீ விட்டுப்போன மனுவையும் சட்டத்தின் நகலையும் அகராதிக்குள் செருகி வைத்தேன்.

அடுத்த வாரம் அந்த நகலோடு மறுபடி இறங்கினோம். நர்ஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். கெட்டவர் இல்லை, களைத்தவர். "சட்டம் சரிங்க மேடம். போன மாசம் ஒருத்தியோட ஊட்டுக்காரன் வந்து, யாரைக் கேட்டுப் பண்ணினீங்கன்னு மேசையையே தள்ளிவுட்டான். அப்ப சட்டம் வந்து எம்பக்கத்துல நிக்கலீங்க" என்றார்.

ராசாத்தி பேனாவை வாங்கித் தன் கோட்டில் பெயரை எழுதினாள். கீழே, கணவர் கோட்டிலும் அதே பெயரை எழுதினாள். இது யாரும்மா என்று நர்ஸ் கேட்டார். "அதுவும் நாந்தானுங்க. ஊட்டுல அவரு வேலையும் நாந்தானுங்களே பாக்கறேன்" என்றாள். நர்ஸ் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தி, டாக்டர் அறையைக் காட்டினார்.

அது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. ராசாத்தி நலம். நேற்றே பெருக்க வந்துவிட்டாள், இன்னும் இரண்டு நாள் படு என்றால் கேட்கவில்லை. சித்தன் பொங்கலுக்கு வருவான். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இதை வெற்றி என்று உன் கூட்டத்தில் சொல்லாதே. அவள் பெயரையும் சொல்லாதே. அந்தக் கோடு அந்தத் தாளில் இன்னும் இருக்கிறது. நாளை போகிறவளுக்கு வேறு நர்ஸ் இருக்கலாம்.

மனுவில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இதனால் ஏதாவது மாறும் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் போட்டேன்.

புவனா, போன தை மாதம் நீ போனில், கலைத்துவிட்டேன் அம்மா, நேற்றே முடிந்துவிட்டது என்று சொன்னாய். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். உனக்குக் கல்யாணம் ஆகவில்லை. உன் தாளில் அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் இருந்தது, அதில் யார் கையெழுத்துப் போட்டார்கள், வெளியே பெஞ்சில் உனக்காக யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று இந்த ஒன்பது நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம். வரும்போது சொல். சொல்லாவிட்டாலும் வா, கண்ணு.

உன்
அம்மா