சுவர்ப் பக்கம் திரும்பிய பெயர்

சார், பெயிண்ட் வாடை இன்னும் என் முந்தானையில் இருக்கிறது. நேற்று ஆள் வைத்து ஒரு பலகைக்குக் கறுப்பு அடித்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. நல்லவிதமாக நினைக்க வேண்டிய நேரம்தான். என்னால் முடியவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரே தெருவில் நாம் இருவரும் தனித்தனியாக டுடோரியல் நடத்தினோம். பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவர்களை வைத்துத்தான் நம் பிழைப்பு. உங்களிடம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்காரர்களின் பிள்ளைகள். என்னிடம் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள். இங்கிலீஷுக்கு நீங்கள், கணக்குக்கு நான் என்று ஊரே சொல்லும்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடம் அது. புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. மலைக்குத் திரும்ப முடியாத பெண்கள் என் வீட்டிலேயே தங்கினார்கள். கூழ் காய்ச்சி ஊற்றிக் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அப்போதுதான் என் வாசலுக்கு வந்தீர்கள்.

"இன்னாத்துக்கு டீச்சர் தனித்தனியா கத்திக்கினு கெடக்கணும்? ஒண்ணா சேத்துடலாங்க. போர்டுல ரெண்டு பேரு பேரும் இருக்கும்."

நம்பினேன். நம் ஊரில் டுடோரியல்காரருக்குப் போர்டுதான் சொத்து. ரிசல்ட் அன்று பாஸானவர்களின் போட்டோவை அதன் கீழே ஒட்டி மாலை போடுவோம். அடுத்த வருடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் படியேறுவார்கள். அதில் பெயர் இல்லாதவர் வாத்தியாரே இல்லை. புதுப் போர்டு எழுதி வருகிறது என்று சொல்லி என் பழைய பலகையைக் கழற்றிக்கொண்டு போனீர்கள்.

சேர்ந்த புதிதில், பின்பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் வகுப்பைக் கேட்டேன். ஒன்று சேர்ப்பதற்கு இங்கிலீஷில் எத்தனை சொல் இருக்கிறது என்று ஆரம்பித்தீர்கள். கூழில் மோர் விட்டுக் கலக்கினால் மிக்ஸ். கரும்பு டிரெய்லரை டிராக்டரில் கொக்கி போட்டு மாட்டினால் ஜாயின், வேண்டாமென்றால் கழற்றிக்கொள்ளலாம். ரோட்டில் சனம் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறதே, அது யுனைட். கோமுகி ஆறு மணிமுத்தாற்றில் போய் விழுந்தால் மெர்ஜ்.

"அதுக்கப்பறம் கோமுகின்னு எவனாச்சும் சொல்றானா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்படிச் சொல்லிக்கொடுக்க எனக்கு வராதே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

ரிசல்ட் அன்று மலைப் பெண்கள் அத்தனை பேரும் பாஸ். மாலை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். புதுப் போர்டில் முழ நீள எழுத்தில் உங்கள் பெயர் மட்டும். என் பெண்களின் முகங்கள் அதன் கீழே. என் பலகையாவது எங்கே என்று கேட்டேன். வகுப்பிலிருந்த கரும்பலகையைக் காட்டினீர்கள். பின்பக்கம் கறுப்பு அடித்து அதைத்தான் மாட்டியிருந்தீர்கள். இத்தனை மாதமாக என் பெயரைச் சுவரைப் பார்க்க வைத்து, அதன் முதுகில் நானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ரெண்டு பேரு எழுதினா சனங்க கொழம்பிடுவாங்க டீச்சர்" என்றீர்கள், குரலைக்கூட உயர்த்தாமல்.

நான் சண்டை போடவில்லை. மாலையைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிர் வரிசையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தேன். இங்கிலீஷும் நானே எடுத்தேன், உங்கள் கூழையும் கொக்கியையும் வைத்தே. வெள்ளிமலை ஜீப்புகள் என் வாசலில் நின்றன. உங்கள் படிக்கட்டில் வருடா வருடம் செருப்புகள் குறைவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது சார். கடைசிக் காலத்தில் தடியூன்றிப் போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டுவீர்கள். நானும் ஆட்டுவேன், அவ்வளவுதான்.

உங்கள் காரியம் முடிந்த கையோடு உங்கள் மகன் வந்தான். அவனால் நடத்த முடியவில்லையாம். இடத்தையும் மிச்சமிருக்கும் பிள்ளைகளையும் என்னோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னான். "அப்பா பேரு மட்டும் போர்டுல இருக்கட்டுங்க" என்றான். இந்த ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று பாவம், அவனுக்குத் தெரியாது.

"ரெண்டு பேரு எழுதினா சனங்க கொழம்பிடுவாங்க தம்பி" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப்போனது. வேறு வழியில்லாமல் இடத்தையும் பிள்ளைகளையும் உங்கள் போர்டோடு சேர்த்து என்னிடமே ஒப்படைத்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

நேற்றுக் கறுப்பு அடித்தது உங்கள் பலகையின் முதுகில்தான். காலையில் காய்ந்திருந்தது. உங்கள் பெயரைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டு, மிக்ஸ், ஜாயின், யுனைட், மெர்ஜ் என்று உங்கள் வரிசையிலேயே எழுதினேன். கோமுகி வந்ததும் பிள்ளைகள் அதே இடத்தில் சிரித்தார்கள். வெள்ளிமலைப் பெண் ஒருத்தி எழுந்து, "இதெல்லாம் ஒங்களுக்கு யாரு டீச்சர் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டாள்.

"நானே கத்துக்கினதும்மா" என்றேன்.

சொற்கள் உங்களுடையவைதான் சார். சாகும்வரை அவற்றைச் சுமந்துகொண்டுதான் இருப்பேன். அவை யாருடையவை என்று உங்களிடம் மட்டும்தான் சொல்வேன்.