எல்லாப் பெட்டியிலும் சர்க்கரை

8.9.2009, செவ்வாய். செம்மண்டலம்.

கண்ணை மூடினால் எறும்பு ஊர்கிறது.

காலையில் என் ஆறாம் வகுப்பு முழுக்க எறும்பு. கோபத்தில் எல்லாருடைய ஜாமெட்ரி பாக்ஸையும் திறக்கச் சொன்னேன். காம்பஸுக்குப் பக்கத்தில், காகிதத்தில் மடித்த சர்க்கரை. ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும்.

"என்னடா இது?"

"ரேவதிக்கு டீச்சர்," என்றான் ஜோசப்.

ரேவதிக்கு இந்த வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் ஊசி. சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டால் கொடுக்கச் சொல்லி அவள் அம்மா தந்த குளுக்கோஸ் டப்பாவை என் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன்.

"போன வாரம் நீங்க சிதம்பரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டீங்கல்ல டீச்சர், அன்னிக்கு இவளுக்கு வேர்த்து ஊத்தி, கையெல்லாம் நடுங்குச்சு. பீரோ பூட்டியிருந்துச்சு. டீக்கடைக்கு ஓடிப்போயி சக்கர வாங்கியாந்தோம். அதான் இப்ப ஆளாளுக்கு வச்சிருக்கோம்."

என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. ரேவதி, தப்பு தன்னுடையது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று முழுக்கச் சாவி என் கைப்பையில் இருந்தது. பந்தியில் நான் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன். பொட்டலங்களைப் பிடுங்க மனசு வரவில்லை.

தூக்கத்தில் கண் சொக்குகிறது. நான் எழுதிய எழுத்தெல்லாம் எறும்பாகி, ஆளுக்கொரு சர்க்கரைத் துணுக்கோடு ரேவதியின் பெஞ்சுக்கு வரிசையாகப் போகிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒன்று மட்டும், வாயில் சாவியைக் கவ்விக்கொண்டு, மெதுவாக