குதிரை மணக்கும் கிழங்கு

அண்ணை,

நேற்று கிளென் வேவர்லியில் மழைக்கு ஒதுங்க ஒரு சீன மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். மருந்து வாங்கும் எண்ணம் இல்லை. கடைக்காரப் பெண் வேறு யாருக்காகவோ ஓர் இழுப்பறையைத் திறந்தாள். அதிலிருந்து வந்த மணம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. ஈர வைக்கோலும் குதிரை மூத்திரமும் கலந்ததுபோல ஒரு மணம். பிரன்ஸ்விக்கில் நாம் மூவரும் இருந்த வீட்டுக் குசினி உங்களுடைய கடைசிக் குளிர்காலம் முழுவதும் இப்படித்தான் மணத்தது. அந்தக் கிழங்குச் சீவலில் ஒரு சிறிய பை வாங்கிவந்தேன். இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இப்போது அது இருக்கிறது.

ஒழுங்காகத் தொடங்காத எதையும் நான் முடிக்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நாம் ஒரே வீட்டில் இருக்க நேர்ந்த விதம்.
2. பக்கவாதம் வந்தவரை நீங்கள் பார்க்கும் முறை.
3. வார்ட்டில் கிடந்த தோட்டக்காரர்.
4. உங்களுக்கே பக்கவாதம் வரப்போவதை நீங்கள் முன்பே அறிந்திருக்கவில்லை என்பது.

நாலாவதுக்காகத்தான் மற்ற மூன்றும். ஒரே மேசையில் சாப்பிட்ட நண்பருக்கு வரவிருந்ததை ஒரு டாக்டராக இருந்தும் காணாமல் விட்டேனே என்று மனம் குத்தும்போதெல்லாம், அவரே அறியாததை நான் எப்படி அறிவேன் என்று சொல்லிக்கொள்வேன். இத்தனை வருடமும் அந்தப் பதிலில்தான் சாய்ந்துகொண்டிருக்கிறேன். அது தாங்குமா என்று உங்களுக்கே எழுதிப் பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கலியாணம் கட்டிய கையோடு பவளமும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் பட்டத்தை இங்கே முழுதாக ஏற்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை. அவர் ஒரு வரி எழுதினால் நாங்கள் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான் என்ற பயத்தோடு தினமும் டிராம் ஏறுவேன். வாடகையைப் பகிர ஆள் தேடி, மசாலாக் கடையொன்றில் தமிழில் ஓர் அட்டை எழுதி ஒட்டினோம். அதை வாசித்துவிட்டு வந்தவர் நீங்கள். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த தமிழர். பன்னிரண்டு வயதில் சீன மருந்துக்கடையில் பொட்டலம் மடிக்கச் சேர்ந்து, அங்கேயே மொழியும் நாடியும் கற்று, கடைக்காரரின் உறவினர் இங்கே லிட்டில் பர்க் தெருவில் கடை திறந்தபோது அவரோடு வந்தவர்.

பின்னறையைப் பார்த்துவிட்டு, "எனக்குச் சமைக்கத் தெரியாதுலா. ஆனா காய்ச்சுவேன்," என்றீர்கள்.

"என்னத்தைக் காய்ச்சுவியள்?" என்று பவளம் கேட்டாள்.

"வேரு, பட்டை. எப்பயாச்சும் பல்லி."

"பல்லியெண்டால் வெளியில வளவுக்குள்ள வச்சுக் காய்ச்சுங்கோ அண்ணை. குசினிக்குள்ள வேண்டாம்."

அன்றைக்கே அவளுக்கு நீங்கள் அண்ணையாகிவிட்டீர்கள். எனக்குச் சில வாரம் பிடித்தது. நான் எதிலும் மெதுவானவன்.

நரம்பு நோயாளிகளைச் சோதிப்பதற்காக என் கோட்டின் மடிப்பில் எப்போதும் ஒரு குண்டூசி குத்தியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு என்னை 'ஊசி டாக்டர்' என்றீர்கள். "நீங்க வந்ததும் வராததுமா தொடுறீங்க, குத்துறீங்க. முதல்ல பாருங்க. அப்புறம் மோந்து பாருங்க. அப்புறம் கேளுங்க. தொடறது கடைசி," என்பீர்கள். பக்கவாதத்தை உங்கள் கடையில் காற்று அடித்தது என்பார்கள். நாம் வாதம் என்பதும் காற்றைத்தானே என்று நான் சொன்னபோது உங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

விழுந்தவரின் கை முட்டியாக இறுகி, பல் கிட்டியிருந்தால் அது மூடியது. வாய் பிளந்து, விரல்கள் விரிந்து, சிறுநீர் தன்பாட்டில் போனால் அது திறந்தது. மூடியதைத் திறக்க வழி தேடலாம். திறந்ததை மூடுவது கடினம். அது மட்டுமல்ல. பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்துப்போகிறவருக்கு மூன்று வருடத்துக்குள் காற்று அடிக்கும் என்றும் சொன்னீர்கள். ஆதாரம் என்ன என்று கேட்டேன்.

"மூணு வருஷம் பக்கத்துல உக்காந்து பாருங்க டாக்டர். அதான் ஆதாரம்."

நான் சிரித்தேன். படித்தவனுடைய சிரிப்பு அது.

தோட்டக்காரரை உங்களுக்கு நினைவிருக்கும். வெரிபீப் பக்கம் காய்கறி பயிரிட்ட சீனக் கிழவர். வலப்பக்கம் செயலிழந்து, பேச்சில்லாமல் வார்ட்டில் கிடந்தார். கூட வந்தவர் யாரும் இல்லை. எது கேட்டாலும் அசைவில்லை. 'சொல்வது விளங்கவில்லை' என்று குறிப்பில் எழுதியாயிற்று. நிரந்தரப் பராமரிப்பு விடுதிக்கு அனுப்புவதென்று பெரிய டாக்டர் முடிவெடுத்திருந்தார். அங்கே போனவர்கள் திரும்பி வருவதை நான் கண்டதில்லை.

பார்வையாளர் நேரத்தில் உங்களை அழைத்துப்போனேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று, இறுகியிருந்த அவர் கையை நீண்ட நேரம் பார்த்தீர்கள். குனிந்து மூச்சை மோந்தீர்கள். கன்டனீஸில் கேட்டீர்கள், பதில் இல்லை. பிறகு ஈப்போக் கடைக்கு வரும் கிழவர்களிடம் கற்ற ஏதோவொரு கிராமத்துப் பேச்சில் மெல்லக் கேட்டீர்கள். கிழவரின் கண்கள் உங்களிடம் திரும்பின. இடது கை மேலே போயிற்று. அதற்குப் பிறகுதான் அவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தீர்கள்.

"மூடித்தான் இருக்கு டாக்டர். உள்ள ஆள் இருக்காரு."

மறுநாள் காலை பெரிய டாக்டர் கட்டிலடிக்கு வந்தபோது நான் வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டேன். பின்னேரம் வீட்டில் அதைச் சொன்னதும் நீங்கள் கோபிக்கவில்லை. "அவருக்குக் காத்து அடிச்சு பல்லு கிட்டிப்போச்சு. உங்களுக்கு என்னா ஆச்சு?" என்றீர்கள். பவளம் சிரித்த சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. பிறகு கடைப் பொட்டலத் தாள் ஒன்றைக் கிழித்து, அந்தக் கிராமத்துப் பேச்சில் 'இடது கையைத் தூக்குங்கள்' என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தீர்கள்.

அடுத்த காலை, "சேர், இவருக்கு அவருடைய மொழியில் சொன்னால் விளங்குகிறது," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காட்டுங்கள் என்றார் பெரிய டாக்டர். தாளை எடுத்து வாசித்தேன். கிழவர் என்னைப் பார்த்தார். என் உச்சரிப்பைக் கேட்டு, நேராயிருந்த பாதி வாயால் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். பெரிய டாக்டர் குறிப்பை வாங்கி, விடுதி என்றிருந்ததை வெட்டி, மறுவாழ்வுப் பயிற்சிப் பிரிவு என்று எழுதினார். சில மாதம் கழித்து ஒரு சாக்குக் காலிபிளவர் நம் வீட்டு வாசலில் இருந்தது. இரண்டு வாரம் வேறு கறி இல்லை.

இனி நாலாவது.

கடைசிக் குளிர்காலத்தில் நீங்கள் தினமும் அந்தக் கிழங்கைக் காய்ச்சினீர்கள். "அண்ணை, குசினிக்குள்ள குதிரை கட்டி வச்சிருக்கிறியளே?" என்று பவளம் மூக்கைப் பொத்துவாள். "இருமலுக்கும்மா," என்பீர்கள். அதே மாதங்களில் சோற்றைக் கரண்டியால் சாப்பிடத் தொடங்கினீர்கள். "பாருங்கோ, அண்ணை வெள்ளைக்காரராயிட்டார்," என்றாள். "சிட்டிசன்ஷிப் குடுத்துட்டாங்கல்ல, அப்புறம் என்னா," என்றீர்கள். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டு வலது கையை மேசையில் வைத்தீர்கள். "டாக்டர், உங்க ஊசி வித்தைய எனக்குக் காட்டுங்க. கண்ண மூடிக்கிறேன்." நானும் விளையாட்டாகக் குத்தினேன். சின்னவிரலில் சரியாகச் சொன்னீர்கள். பெருவிரலில் குத்தியபோது பேசாமல் இருந்தீர்கள். ஊசியை எடுத்த பிறகு, "குத்துது," என்றீர்கள். சுட்டுவிரலிலும் அப்படியே. "விளையாடாதேயுங்கோ அண்ணை," என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். "சரி டாக்டர், போதும்," என்று கையை எடுத்துக்கொண்டீர்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அடுத்த அறை அலுமாரியில் இருந்தது. எட்டு அடி தூரம்.

இளவேனில் தொடங்கிய வாரம் கடையிலிருந்து போன் வந்தது. தராசுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தீர்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது உங்கள் வாய் திறந்திருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. என்னுடைய படிப்பு இன்னும் சோதித்துக்கொண்டிருக்கையில் உங்களுடைய படிப்பு எனக்குப் பதில் சொல்லிவிட்டது. உங்கள் விரல்களை மடித்து என் கைக்குள் வைத்தேன். விட்டதும் விரிந்தன. நீங்கள் போகும்வரை, இரண்டு நாள், அப்படியே இருந்தேன்.

இதுவரை நேற்று எழுதியது. இதன் கீழே, ஆகவே நீங்களும் அறிந்திருக்கவில்லை என்று ஒரு வரி எழுதி முடிப்பதாக இருந்தேன். கிழங்கின் பெயர் தெரியாமல் எழுதுவது ஒழுங்கில்லை என்று பட்டதால் இன்று காலை திரும்பவும் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் பெயரைச் சீன எழுத்தில் எழுதித் தந்தாள். இருமலுக்கு எத்தனை நாள் காய்ச்சவேண்டும் என்று கேட்டேன். இருமலா, இது இருமலுக்கு இல்லையே, தலைசுற்றுக்கும் கை மரத்துப்போவதற்கும் கொடுப்பது என்றாள். உங்களுக்குக் கை மரக்கிறதா என்றும் அக்கறையோடு கேட்டாள். இல்லை, ஒரு நண்பருக்கு என்றேன்.

வீட்டுக்கு வந்து பவளத்திடம் சொன்னேன்.

"அப்ப அந்தக் கரண்டி?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

சோற்றைப் பிசைய அந்த இரண்டு விரலும் வேண்டும். வேறு எந்த நாட்டு ஆள் கரண்டி எடுத்தாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஒரு தமிழர் நம் மேசையில் இருந்து கரண்டி எடுத்தார். நாம் கவனித்தோம், பகிடி பண்ணினோம்.

கரண்டியைப் பார்த்தேன். கிழங்கை மோந்தேன். "ஊசி வித்தைய காட்டுங்க" என்றதைக் கேட்டேன். கடைசியில் தொட்டும் பார்த்தேன். நீங்கள் சொல்லித்தந்த ஒழுங்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. நேராகச் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தீர்களோ தெரியாது. தோட்டக்காரரிடம் அவருடைய பேச்சில் கேட்டதுபோல, என்னிடம் என்னுடைய ஊசியால் கேட்டிருக்கிறீர்கள். அவர் கையைத் தூக்கிவிட்டார், எனக்குத்தான் விளங்கவில்லை.

அன்று கருவியைக் கட்டிப் பார்த்திருந்தால் தப்பியிருப்பீர்களா? அந்தக் காலத்து மருந்துகளை நினைத்தால் சொல்லத் தெரியவில்லை. அதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நீங்கள் என்னிடம் கேட்டீர்கள் என்பதில் இல்லை.

ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு நோயாளியிடமும் பெருவிரலும் சுட்டுவிரலும் மரக்கிறதா என்று கேட்டுவந்தேன். குறிப்பில் எழுத இடமில்லாத கேள்வி. கூட வேலை செய்தவர்கள் அதை என் கிறுக்கு என்று நினைத்தார்கள். உங்கள் நினைவாக ஒரு சடங்குபோலக் கேட்கிறேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேட்டுவிட்டு ஊசியை எடுப்பேன். ஆள் பதில் சொல்லத் தாமதித்தால், விளையாடாதேயுங்கோ என்று அதன் பிறகு ஒருவரிடமும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நேற்றுவரை என்னை நானே கேட்டதுமில்லை.

முதல் தாளில் நாலாவதாக எழுதியதை அடிக்கவில்லை, நீங்கள் பார்க்கட்டும். அது பிழை, அண்ணை. நீங்கள் அறிந்திருந்தீர்கள். கையை மேசையில் வைத்து என்னிடம் காட்டவும் செய்தீர்கள்.