மூன்று இழுப்பு, பிறகு ஒன்று

திங்கள் இரவு

அன்புள்ள அக்கா,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பால் வண்டி அண்ணனிடம் கொடுத்தனுப்புவேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

நேற்று அப்பா என்னை ஆற்றுக்கு மேலே இருக்கும் பாறைக்குக் கூட்டிப்போனார். அம்மா அங்கிருந்து ஆற்றில் விழுந்து கிடைக்காமலே போனபிறகு, அவர் பாறை ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிக்க ஆளில்லையாம். வழி ரொம்பக் கஷ்டமில்லை. பாதியில் நிற்க ஒரு திட்டு, அதற்கு மேலே துருத்திய பாறை. அதைத் தாண்டிவிட்டால் ஆளும் தெரியாது, ஆற்றின் இரைச்சலில் குரலும் கேட்காது. அதனால் கயிற்றால்தான் பேச்சு. அப்பா முதலில் ஏறி, மேலே மரத்தில் கட்டிவிட்டு மூன்று முறை இழுத்தால், ஏறி வா என்று அர்த்தம்.

மூன்று முறை இழுபட்டது. பிறகு சின்னதாக ஒன்று. ஏறினேன்.

மேலே அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "யாருடி உன்ன வரச் சொன்னது? நான் இன்னும் கயித்தக் கட்டவே இல்லையே!" அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்த கயிறு பாறைமேல் சும்மா கிடந்தது.

வரும் ஞாயிறு திரும்பவும் போகணுமாம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்கிறார். நீ சொன்னால் கேட்பார். வா அக்கா.

உன் வாலு

புதன்

என் வாலுக்கு,

கணக்குப் பரீட்சைக்கே காய்ச்சல் வரும் உனக்கு என்று முதலில் சிரித்தேன். அந்தச் சின்ன இழுப்பைப் படித்ததும் டியூட்டிக்குப் போகாமல் ஆஸ்பத்திரி நர்ஸ் அறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அது அம்மாவுடையது. என்னை ஏற்றும்போது மட்டும் செய்வாள், "பயப்படாத, நான் இருக்கேன்" என்று. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நீ அம்மாவோடு ஏறியதே இல்லையே, உனக்கு யார் சொன்னது?

சனிக்கிழமை விடியும்போது அங்கே இருப்பேன். அதுவரை கயிற்றைத் தொடாதே. யார் இழுத்தாலும் போகாதே.

அக்கா

வெள்ளி இரவு

அக்கா,

இதைப் பால் வண்டியில் அனுப்பவில்லை. உன் தலையணைமேல் வைக்கிறேன்.

நான் கயிற்றைத் தொடவில்லை, சத்தியமாக. அப்பா அதை அலசிக் கொடியில் போட்டிருந்தார். இப்போது அதன் ஒரு முனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து கிடக்கிறது. மறுமுனை தோட்டத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்குகிறது. அவ்வளவு நீளம் அந்தக் கயிற்றுக்குக் கிடையாது.

அப்பா குறட்டை விடுகிறார். மூன்று முறை இழுபட்டது. பிறகு சின்னதாக ஒன்று. இந்தமுறை கீழேயிருந்து.

அதற்கு என்ன அர்த்தம் என்று நீ சொன்னதே நல்லதாகப் போயிற்று. இப்போது பயமே இல்லை.

இந்த முனையை உன் கட்டில் காலில் கட்டியிருக்கிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டேதான் இறங்குவேன், கவலைப்படாதே. நீ வந்ததும் கை வைத்துப் பார். சின்ன இழுப்பு இரண்டு வந்தால், ஒன்று நான்.