ஒரு நாள் வீட்டுக்கு வாங்க

என்னங்க, எழுந்ததும் முதலில் இதைப் படியுங்கள். அப்புறம் போனைப் பாருங்கள்.

எதிர்வீட்டு பஸ் டிரைவர் குடும்பத்தோடு இன்று ஆறு மணிக்கு வருகிறார். லிஃப்டில் அவரிடம் மரியாதைக்கு "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றீர்களே, அந்த ஒரு நாள் இன்றுதான். நம் ஆட்கள் என்றால் "கண்டிப்பா வரோம்" என்று சொல்லிவிட்டு ஆயுசுக்கும் வரமாட்டார்கள். இந்த நாட்டு மனுஷனோ அங்கேயே போனை எடுத்து, "எந்தத் தேதி?" என்று கேட்டார். நீங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு தேதி கொடுத்தீர்கள்.

விடுமுறைக்கு ஊரே கடையை மூடிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் லீவு கிடையாது. ஐந்துக்கு வந்துவிடுவேன். அடுப்பில் இருக்கும் குழம்பு அவர்களுக்கு அளவாக வைத்தது, கை வைக்காதீர்கள். உங்களுக்கும் பாப்பாவுக்கும் சோறும் தயிரும் இருக்கிறது. சோபாவில் மலையாகக் கிடக்கும் துணியை மடியுங்கள். முடியாவிட்டால் கட்டிலுக்கடியில் தள்ளுங்கள்.

அவர்கள் "போதும்" என்றால் நிஜமாகவே போதும். "வெக்கப்படாம சாப்பிடுங்க" என்று தட்டில் கொட்டி மானத்தை வாங்காதீர்கள்.

நேற்று நான் கத்தியது கத்தியதுதான். இனி லிஃப்டில் நீங்கள் வாயே திறக்கக் கூடாது.

பி.கு: கீழே போனவள் திரும்பி வந்து எழுதுகிறேன். லிஃப்டில் மூன்றாம் மாடி பாட்டு டீச்சர் சிரித்தார். நானும் சும்மா ஒரு மரியாதைக்குத்தான் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றேன். இன்றைக்கே ஆகட்டும் என்று ஆறு மணிக்கு அவரும் வருகிறார், வீட்டுக்காரரோடும் இரண்டு நாயோடும். குழம்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். நேற்று கத்தியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.