நாற்பத்தோராவது வரி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலாம். "பெரியவ ஃபோனைத்தான் எடுக்க மாட்டேங்கிறா, ஒரு கடிதாசாவது போடுடா" என்று பேனாவைக் கையில் திணித்ததே அம்மாதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைகளின் விலைகள் ஏன் சேர்ந்தே ஏறுகின்றன என்ற நம் பழைய ஆய்வு கோர்ட் படி ஏறப்போகிறது. பன்னிரண்டு மருந்துக் கடைக்காரர்கள் பேசிவைத்து விலையை ஏற்றினார்கள் என்று வழக்கு. அரசுத் தரப்பில் நான்தான் நிபுணர் சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல், முதன்முதலில் எழுதிய மென்பொருளைக் காட்டியே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கிறார். என்னிடம் இருப்பது பின்னால் வந்த மாணவர்கள் மேலே மேலே பூசியது. மூலக் கோப்பு உன் பழைய கணினியில் இருக்கும். தேடி அனுப்புவாயா?

ஒன்பது வருடமாக இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது?

என்றும் உன்,
தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

"நம் ஆய்வு" என்று எழுதியிருந்தாய். மூன்று முறை படித்தேன். உன் கட்டுரையில் அந்த "நம்" இல்லை. காந்தத்துக்குள் ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவைப் பார்த்துத் திரும்புவதற்கு நான் போட்ட கணக்கு அது. இயற்பியல் துறையின் ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, உன் பொருளாதாரத்துக்காக அதை இரண்டு வருடம் மாற்றி எழுதினேன். நீ அடிக்குறிப்பில், "தட்டச்சு உதவிக்கு என் அக்காவுக்கு நன்றி" என்றாய். தட்டச்சு! அந்த வருடம் பேராசிரியர் வேலைக்கான நேர்காணலில், "தம்பிக்கு நல்லா டைப் அடிச்சுக் குடுப்பீங்களாமே" என்று கேட்டுச் சிரித்தார்கள். இன்றைக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஊசலை ஆட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

போகட்டும். கோப்பை அனுப்பியிருக்கிறேன். ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. கூண்டில், இதை யார் எழுதியது என்று கேட்டால் தயங்காமல் நீயே எழுதியதாகச் சொல். இரண்டு பேர் என்றால் வக்கீல் குழப்பிவிடுவார்.

உன் நலம் நாடும்,
அக்கா


மார்ச் 20

அக்கா,

உன் கடிதத்தை நானும் மூன்று முறை படித்தேன். என் வழிகாட்டிதான் ஒரே பெயராகப் போடச் சொன்னார். எனக்கும் அப்போது ஆசை கண்ணை மறைத்தது. நீயாக மனது வைத்தாயே, அது போதும்.

கோப்பைத் திறந்து பார்க்கக்கூட நேரமில்லை, அப்படியே கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டேன். நீ சொன்னபடியே பதில் சொல்கிறேன். பயமில்லை. நான்கு வருடத்துக்கு முன் ரொட்டிக் கடைக்காரர்கள் வழக்கில் நான் சாட்சி சொன்னபோதும் இதே கணக்குதான் ஜெயித்தது. அவர்களுடைய சங்கத் தலைவர் இன்னும் சிறையில் இருக்கிறார். சட்டக் கல்லூரியில் அந்தத் தீர்ப்பைப் பாடமாகவே நடத்துகிறார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி சாட்சி. முடிந்ததும் அம்மாவோடு உன்னைப் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 16

அக்கா,

நீ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாயாம். எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். நீ எதையும் பார்க்காதது போலவே எழுதுகிறேன்.

"இதை எழுதியது யாரு?" என்றார் வக்கீல். "நான்தான்." "கூட வேற யாராவது?" "இல்லை." "அப்ப நாப்பத்தோராவது வரி என்ன பண்ணுதுன்னு கோர்ட்டுக்குச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. அவரே விளக்கினார். கடை மூடியிருந்து விலை கிடைக்காத நாளில், பக்கத்துக் கடை விலையை எடுத்துப் போடு என்கிறதாம் அந்த வரி. "நீங்களே ஒரு கடை விலையை இன்னொரு கடைக்குக் காப்பியடிச்சுட்டு, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு கண்டுபிடிச்சீங்களாக்கும்?" நீதிபதியே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

வழக்கு தள்ளுபடி. பொய்ச்சாட்சி சொன்னதாக எனக்கு நோட்டீஸ். பல்கலைக்கழகம் என்னை இடைநீக்கம் செய்திருக்கிறது. என் அறைப் பூட்டைக்கூட மாற்றிவிட்டார்கள். அந்த வக்கீலுக்குக் கணினியைப் பற்றி அரிச்சுவடி தெரியாது. வரி எண்ணை யார் சொல்லிக்கொடுத்தது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

ஜனவரியில் அந்த வக்கீல், உன் கட்டுரையிலுள்ள காந்தக் கணக்கைப் பற்றி யாராவது சொல்லித்தருவார்களா என்று தேடிக்கொண்டு என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மூலக் கோப்பைக் கேளுங்கள் என்று சொன்னது நான். வரி எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்ததும் நான்.

சோதனைக்காக ஒரு வாரத்துக்குப் போட்டுவைத்த வரி அது. எடுப்பதற்குள் நீ கோப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டுரையாக்கிவிட்டாய். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு சின்னக் கட்டுரையோடு நீ விழுந்தால் என் மனது ஆறாது. உனக்குப் புத்தகம் வரட்டும், பதவி வரட்டும், உயரம் போதுமான அளவு ஆகட்டும் என்று பொறுத்திருந்தேன். அன்று கூண்டில் உன் காது மடல் சிவந்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. மறைக்க மாட்டேன்.

ரொட்டிக் கடைக்காரர் சங்கத் தலைவர் சிறையில் இருப்பதை உன் மார்ச் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்னும் இருபது நாள் பொறுத்தேன், நீ சத்தியம் செய்துவிட்டு அந்தக் கூண்டில் ஏறவேண்டும் என்பதற்காக.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது தப்புன்னு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஒன்பது வருஷமா."

"அவரு உள்ள போயி நாலு வருஷம்தாம்மா ஆகுது."

கணக்குப் போட்டுப் பார்ப்பது போல என் முகத்தையே பார்த்தார். திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. உள்ளே போய்விட்டார். திறந்த கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உனக்குச் செய்ததை இன்னொரு தடவையும் செய்வேன். அந்த ரொட்டிக் கடைக்காரர் வழக்கை மறுபடி விசாரிக்கக் கோரும் மனு இத்துடன் இருக்கிறது. மென்பொருள் என்னுடையது, பிழை என்னுடையது, தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அதில் எழுதியிருக்கிறேன். அந்த வழக்கில் அன்றைக்குச் சொன்ன சாட்சியைத் திரும்பப் பெறுவதாக நீ கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் மனுவில் பெயர் இருக்கும் வக்கீலிடம் நேராகக் கொடுத்துவிடு. கொடுக்காவிட்டால் நீ இல்லாமலே தாக்கல் செய்துவிடுவேன்.

கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, எனக்கு இனிமேல் எழுதாதே.

அக்கா