தாய்மாமன் சீரில் பேரிக்காய் டார்ட்

என் வாயாடி மலருக்கு,

ஜெயிச்சாச்சுடி! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் மகள் கயலுக்குப் போன முகூர்த்தத்தில் சங்கராபுரத்தில் கல்யாணம் முடிந்தது. உன் அண்ணன் கொண்டுபோன தாய்மாமன் சீரில் முதல் தட்டே நம்முடைய பேரிக்காய் டார்ட்தான்.

வெள்ளிமலையில் நர்ஸாக இருந்தபோது சனிக்கிழமை பஸ்ஸில் பை நிறையப் பேரிக்காயோடு கள்ளக்குறிச்சி வந்து இறங்குவாயே, அப்போதிலிருந்து எத்தனை முறை தோற்றிருப்போம்? மைதாவில் கிண்ணம் மாதிரி செய்து, உள்ளே காயை அடுக்கிச் சுட வேண்டும், அவ்வளவுதான் என்று போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னாய். அவ்வளவுதானா அது? சுட்டால் காய் தண்ணீர் விட்டு அடிமாவு கொழகொழத்துப் போனது. பாகில் வேகவைக்கலாம் என்று நீ முறுகக் காய்ச்சியதில் உன் அண்ணனுக்குக் கடைவாய்ப் பல்லே ஆடிப்போனது. "இது துன்றதுக்கா, சொவரு கட்றதுக்கா?" என்று அவர் கேட்டதற்கு எத்தனை நாள் அவரோடு பேசாமல் இருந்தாய்!

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் உனக்கு அதே நினைப்பு. "கயலு கல்யாணத்துக்கு அண்ணன் சீர்ல நம்ம டார்ட்டு வரணும் அண்ணி. அம்மா இல்லாத பொண்ணுன்னு எவளும் அவள எளப்பமா பாக்கக்கூடாது" என்றாய். சரி என்று சொல்லிவிட்டேன். செய்யவே தெரியாத பண்டத்துக்கு எவளாவது வாக்குக் கொடுப்பாளா?

தேதி குறித்தபின்னும் எனக்கு அது சரியாக வரவில்லை. ஒருநாள் காலையில் இட்லிக்கு அரைத்த சட்னி நீர்த்துப்போய்விட்டது. கை தானாகப் பொட்டுக்கடலையை எடுத்து மிக்ஸியில் போட்டது. அட மக்கே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

பொட்டுக்கடலையைப் பொடித்து அடிமாவின்மேல் தூவி, வெல்லமும் ஏலக்காயும் போட்ட இளம்பாகில் வெந்த காயை அதன்மேல் அடுக்கிச் சுட்டேன். விட்ட தண்ணீரையெல்லாம் பொடி குடித்துவிட்டது! அடி மொறுமொறு, மேலே மெத்து. ஏன்டி இது நமக்கு அப்போதே தோன்றவில்லை? மிஞ்சிய காயில் அல்வாவும் கிளறி இன்னொரு தட்டில் வைத்தேன்.

மண்டபத்தில் தட்டுகளை இறக்கியதும் உன் மாமியார் வந்து துணியை விலக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது? பஸ் ஸ்டாண்டுல உப்பு மொளகாத்தூள் போட்டு விக்கற பேரிக்காய சீருன்னு தூக்கினு வந்துகீறீங்க? ஒரு அதிரசம் சுட முடியலியா? தாயில்லாத பொண்ணுக்கு இதுபோதும்னு நெனச்சிட்டீங்களா?"

எல்லோர் காதிலும் விழுந்தது. நீ பயந்தது இதற்குத்தானே? உன் வாய் எனக்கு ஏது?

உன் மகளுக்கு இருக்கிறது! மாலையும் கழுத்துமாக வந்தவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். "ஆயா, எங்கம்மா ஆசப்பட்ட சீரு இது. துன்னு பாத்துட்டுப் பேசு" என்று மீதியை அவர் வாயில் ஊட்டிவிட்டாள்.

உன் மாமியார் மென்றார். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிவிட்டு உன் ஓரகத்தியைக் கூப்பிட்டு, "இந்தத் தட்ட உள்ள கொண்டுபோய் வைடி. சம்பந்தி வூட்டுக்காரங்க முழுசையும் காலி பண்ணிடப் போறாங்க" என்றார். மலரு, அந்த மூஞ்சியைப் பார்க்க நீ இருந்திருக்கணும்டி! சிரித்துச் சிரித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கயல் உடைந்தாள். "அத்த, எல்லாரும் அம்மா வூட்டுக்குப் போவாங்க. நான் எங்க போவேன்?" என்று என் தோளில் சாய்ந்தாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். தலைதீபாவளி, வளைகாப்பு, பிரசவம், புருஷனோடு கோபித்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு வருவது, எல்லாமே இங்கேதான். எப்போது வந்தாலும் வாசலில் நான் நிற்பேன்.

உன் மகளின் அம்மா வீட்டிலிருந்து,
உன் அண்ணி